இருபத்தைந்தாம் வாசல்

எங்கள் மேலாளருக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தது நான் இல்லை. எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் வைத்துவிட்டுப் போன பெயர் அது. ஆனால் அதை என்னைப் போல மனதார உச்சரித்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

கழிப்பறையில் யாரோ குழாயைச் சரியாக மூடாமல் போனதற்காக மாடி முழுவதற்கும் தண்ணீரை நிறுத்தியவர் அவர். யாரோ ஒருவர் அலுவலக பிரிண்டரில் பிள்ளையின் பள்ளிக்கூடப் படத்தை அச்சடித்துவிட்டார் என்று, பிரிண்டரையே தன் அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு ரசீது அடிப்பதற்கு, அவர் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, பல் குத்தி முடிக்கும்வரை நாங்கள் கதவுக்கு வெளியே நின்றோம். தப்பு செய்தவனைத் தேடுவது அவருக்குப் பிடிக்காது. தேடுவதென்றால் உட்கார வேண்டும், படிக்க வேண்டும், நாலு பேரிடம் கேட்க வேண்டும். பூட்டுவதற்கு ஒரு விரல் போதும். பூட்டிவிட்டு ஒரு கூட்டம் போட்டு, "பிரச்சினை முடிஞ்சுது" என்று பல்லைக் காட்டுவார்.

வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் இணையம் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. நான் புகார் பிரிவு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான், ஒரு மேசை, மேசைக்கு மேல் ஒழுகும் ஏ.சி., அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி நிறைந்தால் கொட்டுவதும் என் வேலைதான்.

'உங்கள் வாடிக்கையாளரிடமிருந்து எங்களுக்குக் குப்பை மெயில் வருகிறது' என்று வெளியிலிருந்து எழுதுவார்கள். அந்தக் குப்பையையும் கூடவே இணைத்து அனுப்புவார்கள். நான் படிக்க வேண்டும். வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் எண்ணெய். யாரென்றே தெரியாத ஒரு பெரியப்பா செத்துப்போய் நமக்கென்று விட்டுவைத்திருக்கும் சொத்து. ஒரே வாரத்தில் தொப்பையைக் கரைக்கும் பெல்ட். இதை எழுதுகிறவர்கள் கேவலமானவர்கள்தான், சந்தேகமில்லை. இதை நம்பி, 'எண்ணெய் கிடைத்தது, முடி எப்போது வரும்?' என்று பதில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்னவென்று சொல்ல?

புகார்களில் பாதி அந்த எண்ணெய்க்காரரைப் பற்றியது. எங்கள் வாடிக்கையாளர்தான். கடைவீதியில் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, ராத்திரி பகல் பாராமல் உலகத்துக்கே எழுதிக்கொண்டிருந்தார். மீதிப் பாதி, கிருமி புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களிலிருந்து வந்தது. அவற்றின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் கம்ப்யூட்டர் இப்படி ஊர் மேய்வது தெரியவே தெரியாது.

இதெல்லாம் சேர்ந்து என்ன ஆயிற்று என்றால், பெரிய மெயில் கம்பெனிகள் எங்கள் இணைப்புகளைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டன. எங்களிடமிருந்து எது போனாலும் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று, இல்லையென்றால் திரும்பி வந்தது. வாடிக்கையாளர்கள் மாதக்கணக்கில் கத்தினார்கள். யார் காதிலும் விழவில்லை. ஒரு நாள் முதலாளி தன் பல் டாக்டருக்கு எழுதிய மெயில் குப்பை என்று திரும்பி வந்தது. முதலாளியின் கடைவாய்ப் பல் வலித்ததும் அவசரக் கூட்டம் கூடிவிட்டது.

கூட்டத்தில் பூட்டு சார் வெள்ளைப் பலகையில் ஒரு வீடு வரைந்தார். வீட்டுக்கு ஒரு கதவு. கதவுக்கு மேல் 25 என்று எழுதினார். அப்புறம் அதன் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். அவருடைய நீண்ட உரையின் சாரம் அவ்வளவுதான்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் மெயில் நேராக வெளியே போக ஒரு வாசல் உண்டு. அதன் எண் இருபத்தைந்து. நம்மில் பெரும்பாலோருக்கு அது தேவையே இல்லை. பெரிய மெயில் கம்பெனிகளின் பக்கத்தைத் திறந்து எழுதுகிறோம், அது வேறு வழியாகப் போகிறது. இருபத்தைந்தாம் வாசல் வழியாகப் போவது கிருமி பிடித்த கம்ப்யூட்டர்களின் குப்பையும், எண்ணெய்க்காரர் போன்றவர்களின் பிழைப்பும்தான். அவற்றோடு, தன் மெயிலைத் தானே அனுப்பிக்கொள்ளும் சில சின்ன மனிதர்களும் சில பழைய கருவிகளும் அங்கே உண்டு. அவர்களால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

இந்த வாசலை அடைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பல கம்பெனிகள் அடைக்கின்றன. முன்கூட்டியே சொல்லிவிட்டு அடைக்கின்றன. காரணத்தோடு கேட்டால் விசாரித்துத் திறந்தும் விடுகின்றன. அதற்கு உட்கார்ந்து விசாரிக்க ஆள் வேண்டும். நான் எழுந்து நின்றேன்.

"சார், குப்பை எந்தெந்த லைன்ல இருந்து போகுதுன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு மட்டும் நிறுத்திட்டு போன் பண்ணிச் சொல்லலாம். கம்ப்யூட்டர சுத்தம் பண்ணினதும் திறந்துடலாம். கூட ரெண்டு பேரக் குடுங்க, ஒரு மாசத்துல முடிச்சிடறேன்."

பூட்டு சார் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு நிமிஷ வேலைக்கு ஒரு மாசம் கேக்குறான் பாருங்க சார்."

முதலாளி வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். ஒரு நிமிட வேலைக்கே தலையாட்டினார்.

அதோடு விட்டிருந்தால் வெறும் சோம்பேறித்தனம் என்று நானும் விட்டிருப்பேன். பூட்டு சார் அன்றைக்குத் தன் மூளையையும் வெளியே எடுத்துக் காட்டினார்.

"முக்கியமான கஸ்டமர் யாரும் பாதிக்கப்படக் கூடாது சார். யாரு நிறைய மெயில் அனுப்புறாங்களோ, அவங்களுக்குத்தானே மெயில் முக்கியம்? அதிகமா அனுப்புறவங்கள்ல மேல இருந்து இருபது பேருக்கு விலக்கு குடுத்துடலாம்."

நான் வாயைப் பிளந்தேன். குப்பையை நிறுத்தப் போகிறோமாம், ஆனால் அதிகமாகக் கொட்டுகிறவர்களை விட்டுவிடப் போகிறோமாம். அந்த இருபது பேரில் முதல் ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

"சார், எண்ணெய்க்காரரு சார் அது! பாதிப் புகாரே அவரப் பத்திதான்."

"அவரு நம்ம பிசினஸ் பிளான்ல இருக்காருப்பா. மரியாதையா பேசு."

அறையில் இருந்த எல்லோரும் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்கள். எங்கள் அலுவலகத்தில் யாருக்காவது வெட்கம் வந்தால் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அடைக்கப் போகிறோம் என்று வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் மெயிலில் அறிவிப்பு அனுப்பினோம். நாங்கள்தான் கறுப்புப் பட்டியலில் இருக்கிறோமே! அறிவிப்பு அத்தனையும் நேராக அவரவர் குப்பைப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருத்தர்கூட ஆட்சேபிக்கவில்லை என்று பூட்டு சார் முதலாளிக்கு எழுதினார்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா கோழிக்குஞ்சு பொரிக்கும் தொழில் செய்கிறாள். ஊர் ஓரத்தில், ஒரு டயர் கிடங்குக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு வாடகைக் கொட்டகை. உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு மிஷின். அதற்குள் தட்டுத் தட்டாக ரெண்டாயிரம் முட்டை. அத்தான் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பார். முட்டை வாங்குவது, அடுக்குவது, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கருவைப் பார்ப்பது, குஞ்சுகளைப் பெட்டியில் போட்டுப் பண்ணையில் சேர்ப்பது எல்லாம் அவள் ஒருத்திதான். உதவிக்கு ஒரு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது.

அந்த வருஷம் ஏற்கெனவே ரெண்டு பேட்ச் கெட்டுப்போயிருந்தது. ஒன்று முட்டைக்காரன் பழைய முட்டையைத் தலையில் கட்டியதால். இன்னொன்று மின்சாரம் போனதால். குஞ்சு வாங்குகிற பண்ணைக்காரர் ஒரே ஒருவர்தான். 'இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற இடத்துல பாத்துக்கறேம்மா' என்று அவர் சொல்லிவிட்டார். அவர் போனால் கொட்டகையை மூட வேண்டியதுதான். அக்காவுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

மிஷினுக்கு மேல் ஒரு பழைய பெட்டி உண்டு. உள்ளே சூடு ஏறினாலோ இறங்கினாலோ அக்காவின் போனுக்கு அது ஒரு மெயில் அனுப்பும். நேராக, எங்கள் கம்பெனி இணைப்பின் இருபத்தைந்தாம் வாசல் வழியாக. மற்றபடி அது வாயே திறக்காது. மெயில் வரவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெட்டியை நம்பித்தான் அக்கா கொட்டகையைப் பூட்டிவிட்டு வெளியே போய்வந்துகொண்டிருந்தாள்.

எங்கள் கம்பெனியின் மெயில் வழியாக அதைத் திருப்பிவிட முடியுமா என்று பார்த்தேன். அதற்குக் கடவுச்சொல் வேண்டும். அந்தப் பெட்டியில் கடவுச்சொல் எழுத இடமே இல்லை. அவ்வளவு பழசு. புதுப் பெட்டிக்குச் சொல்லி வைத்தேன். வந்து சேர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். மிஷினில் இருந்த முட்டைகளோ இன்னும் ரெண்டு வாரத்தில் பொரிந்துவிடும்.

பூட்டு சாரின் அறைக்குப் போனேன். பிரிண்டருக்கும் அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு லைனுக்கு மட்டும் திறந்து விடணும் சார். குஞ்சு பொரிக்கிற மிஷின். அலாரம் அந்த வழியாத்தான் போகுது."

"யாரு லைன்?"

"என் அக்கா சார்."

ஆரஞ்சைக் கீழே வைத்தார். முகத்தில் அப்படி ஒரு புனிதம் வந்து உட்கார்ந்தது. "அக்காவா? அப்ப கண்டிப்பா முடியாது. சொந்தக்காரங்களுக்குச் சலுகை காட்ட ஆரம்பிச்சா கம்பெனி என்னப்பா ஆகும்? நான் நேர்மைக்குப் பேர் போனவன்."

"சலுகை இல்ல சார். மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான் அது அனுப்புறதே."

"அதான் சொல்றேன். ஒண்ணு ரெண்டு அனுப்புறதுக்கு எதுக்கு ஒரு வாசல்?"

எண்ணெய்க்காரருக்குத் திறந்துவிட்டு என் அக்காவுக்கு நேர்மைப் பாடம் எடுத்த அந்த வாயில் ஆரஞ்சு சுளை ஒன்று போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை வாசல் அடைபட்டது. மெயில் போகவில்லை என்று போன் செய்தவர்களிடம், 'கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துவிட்டுப் போடுங்கள்' என்று சொல்லச் சொல்லி உத்தரவு. அவர்கள் அணைத்தார்கள், போட்டார்கள், மறுபடியும் அணைத்தார்கள். எண்ணெய்க்காரர் மட்டும் தடையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். அக்கா மிஷினுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் முதல் நாளே சொல்லியிருந்ததால் காலையிலிருந்து நகரவில்லை. பக்கத்தில் தண்ணீர் பாட்டில், ஒரு பாதி ரொட்டி.

"எவ்வளவு நாள்டா இப்படி காவல் காக்கறது?" என்றாள். "அடுத்த பேட்ச் முட்டைக்கு நான் போயாகணும். சொன்ன நாள்ல போகலன்னா முட்டைக்காரன் வேற யாருக்காவது தள்ளிடுவான்."

"நான் கேட்டேன்க்கா. முடியாதுன்னுட்டான்."

"நீ என்ன வேலைடா பாக்குற அங்க?"

"புகார் பிரிவு."

"அப்ப என் புகார எழுதிக்கோ. 'தம்பி உதவாக்கரை'ன்னு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் மிஷினின் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலையில் அலுவலகம் போனதும் முதல் வேலையாக அதைச் செய்தேன். எல்லா இணைப்புகளையும் திறக்கவும் அடைக்கவும் ஒரு பக்கம் உண்டு. பூட்டு சார் மட்டும்தான் அதற்குள் போகலாம். ஆனால் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, அவர் தன் கடவுச்சொல்லை எப்போதோ என்னிடம் கொடுத்திருந்தார். பூட்டுக்கே பேர் போன மனுஷன் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு மறந்திருந்தார். உள்ளே போனேன். அக்காவின் வாசலைத் திறந்தேன். கை அங்கேயே இருந்தது. எண்ணெய்க்காரரின் வாசலை அடைத்தேன்.

எனக்குத் துளியும் குற்ற உணர்வு இல்லை. நன்றாகவே இருந்தது.

அக்காவுக்குப் போன் செய்து, மிஷின் கதவைக் கொஞ்ச நேரம் திறந்துவைக்கச் சொன்னேன். சூடு இறங்கியது. அவள் போனில் மெயில் வந்தது. "வந்துடுச்சுடா! வந்துடுச்சு!" என்று கத்தினாள். பிளாஸ்டிக் நாற்காலி சுவரோரம் போயிற்று.

அந்த வாரமே எங்களைப் பற்றிய புகார்கள் அநேகமாக நின்றுபோயின. வீட்டுக் கம்ப்யூட்டர்களின் குப்பை அடைப்பில் நின்றது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய்க்காரர் தொடர்ந்து எழுதியிருந்தால் எங்களைக் கறுப்புப் பட்டியலிலிருந்து யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அவர் வாய் அடைபட்டதும் ஒவ்வொரு கம்பெனியாக எங்களை மன்னித்தது. முதலாளியின் மெயில் பல் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது. பல்லும் பிடுங்கப்பட்டது.

எண்ணெய்க்காரர் சும்மா இருப்பாரா? நேரில் வந்து முன்மேசையில் குதித்தார். தலையில் தொப்பி போட்டிருந்தார். கோபத்தில் அதைக் கழற்றியபோது உள்ளே கண்ணாடி மாதிரி வழுக்கை. முன்மேசைப் பெண் சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள். பூட்டு சார் அவரைச் சமாதானப்படுத்திவிட்டு, என்ன நடந்தது என்று பார்க்கப் போனார். மாற்றங்களைச் செய்தது யார் என்று அந்தப் பக்கத்தில் பதிவாகும். ரெண்டு மாற்றத்துக்கும் நேராக அவருடைய பெயரே இருந்தது.

என்னைக் கூப்பிட்டார். ரொம்ப நேரம் முறைத்தார். நான் ஒழுகும் ஏ.சி.யைப் பற்றி யோசிப்பவன் போல நின்றேன். 'நீதான் செய்தாய்' என்று சொன்னால், கடவுச்சொல்லை எனக்குக் கொடுத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு அந்தத் துணிச்சல் எங்கே?

"போ" என்றார்.

அடுத்த கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்க வேண்டுமே! "நான் யோசிச்சேன் சார். பெரிய கஸ்டமரா இருந்தா என்ன, தப்பு தப்புதானே? எண்ணெய்க்காரரையும் நானே நிறுத்திட்டேன்." முதலாளி கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். அக்காவின் வாசல் திறந்திருக்கிறது என்ற நிம்மதியில், இவன் என்ன பீற்றிக்கொண்டால் எனக்கென்ன என்றிருந்தது. எல்லோருக்குமான அடைப்பு நிரந்தரம் என்று அந்தக் கூட்டத்திலேயே முடிவாயிற்று. ஊருக்கே வாசலை அடைக்கலாம் என்பதற்கு, நான் திருட்டுத்தனமாகச் செய்த ஒற்றை வேலை சான்றாகிவிட்டது.

பொரிக்க ரெண்டு நாள் இருந்தபோது அக்கா காலையில் போன் செய்தாள்.

"முட்டைக்காரன் இன்னைக்கு வரச் சொல்லியிருக்கான். போய்ட்டு வர மத்தியானம் தாண்டிடும். போகட்டுமா?"

"போக்கா."

"கடைசி ரெண்டு நாள்டா. குஞ்சே சூடு குடுக்கும் இப்ப. ஃபேன் மட்டும் நின்னா, அது சூட்டுலயே அது வெந்துடும்."

"நின்னா மெயில் வரும்ல? அன்னைக்குப் பாத்தோம்ல? தைரியமா போ."

"சரி. நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். பூட்டு சாருக்கு ஒரு பூச்செண்டு. சுவரில் 'இந்த வாரம் புகார் பூஜ்யம்' என்று தாள் ஒட்டியிருந்தது. அதை அச்சடிக்க பிரிண்டர் ஒரு நாள் விடுதலையாகியிருந்தது. கேக் கையில் இருக்கும்போதே போன் அடித்தது.

"தம்பி," என்றாள். "உடனே கொட்டகைக்கு வா."

நான் போனபோது கொட்டகைக் கதவும் மிஷின் கதவும் விரியத் திறந்துகிடந்தன. விசிறியின் பெல்ட் அறுந்து தரையில் கிடந்தது. உள்ளேயிருந்து வந்த சூடு முகத்தில் அறைந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து, தட்டுகளை இறக்கி வைத்து, ஒவ்வொரு முட்டையாகக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு வலப்பக்கம் வைத்தாள். வலப்பக்கம் முழுக்க முட்டை. இடப்பக்கம் ஒரு சின்ன அட்டைப்பெட்டி, அதில் ஒரு பத்துப் பதினைந்து. நானும் உட்கார்ந்தேன். சிலதில் ஓடு விரிசல் விட்டிருந்தது. உடைத்துப் பார்த்தேன். அலகு, இறகு, நகம் எல்லாம் முழுதாக இருந்தது. உயிர்தான் இல்லை.

"மெயில் வரலையா?"

போனை என் பக்கம் தள்ளினாள். ஒன்றும் இல்லை. பெட்டி மட்டும் சிவப்பு விளக்கு எரிய, அனுப்பி அனுப்பித் தோற்றுப்போய் மறுபடியும் அனுப்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் என் திரையில் பார்த்தேன். மாற்ற முடியாவிட்டாலும் என்னால் பார்க்க முடியும். கைதட்டல் வாங்கிய கூட்டம் முடிந்த கையோடு பூட்டு சார் அக்காவின் வாசலை அடைத்திருக்கிறார். காரணம் என்ற இடத்தில் 'தேவையற்ற விலக்கு' என்று எழுதியிருக்கிறார். வாழ்க்கையில் முதல் முறையாகக் கடவுச்சொல்லையும் மாற்றியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்கா அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள்.

அக்காவின் பெயரில் ஒரு புகார் பதிந்தேன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் பூட்டு சார் என் மேசைக்கு வந்தார். வாளியைத் தாண்டி, பேன்ட் நனையாமல் பார்த்து நின்றுகொண்டார்.

"என்னப்பா இது? பூஜ்யம்னு முதலாளிக்குச் சொல்லியாச்சு. இப்ப போய் ஒண்ணு போட்டிருக்க?"

"ரெண்டாயிரம் குஞ்சு செத்துப்போச்சு சார்."

"ஐயோ பாவம்தான், நான் இல்லங்கல. உன் அக்காதானே? வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்கக் கூடாதா? இதையெல்லாமா ஆபீசுக்குக் கொண்டுவருவாங்க?"

"திறக்கச் சொன்னப்ப அக்கான்னு சொல்லித்தானே முடியாதுன்னீங்க."

"அது வேற, இது வேற" என்றார். கூச்சநாச்சமில்லாமல், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார். பிறகு தன் அறைக்குப் போய், அந்தப் புகாரைத் தானே முடித்து வைத்தார். முடிவு என்ற இடத்தில் 'வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது' என்று வந்தது. இவ்வளவு காலம் இந்த மனுஷனை வைத்துச் சிரித்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவருடைய ஒவ்வொரு பூட்டையும் பார்த்து ஒரு நக்கல் அடித்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பிய என்னை நினைத்தும் அப்படியே இருந்தது.

ஒரு வாரம் கழித்து அக்கா அலுவலக எண்ணுக்கே கூப்பிட்டாள்.

"கொட்டகைய காலி பண்றேன். மிஷின கேட்டு ஒருத்தர் வந்திருக்காரு. அந்த லைன கட் பண்ணிடு."

"அக்கா, பண்ணைக்காரர்கிட்ட நான் வந்து பேசறேன். உன் தப்பு இல்லன்னு சொல்றேன். எங்க ஆபீஸ்ல அடைச்சதாலதான்னு..."

"சொல்லியாச்சு. அவரு நல்லாத்தான் கேட்டாரு. கேட்டுட்டுப் போய்ட்டாரு."

"நான் முதலாளிகிட்டயே போறேன்க்கா. விட மாட்டேன் அவன. அவன் பண்ணின வேலைக்கு..."

"நீ யார வேணா திட்டிக்கோ. எனக்கு உங்க ஆபீஸ்ல யாரையும் தெரியாது." குரலில் கோபமே இல்லை. கணக்கை முடித்துவிட்டு எழுந்திருக்கிறவள் மாதிரி பேசினாள். "வாசலு, பூட்டு, அதெல்லாமும் எனக்குத் தெரியாது. நான் உன்கிட்ட கேட்டேன். நீ போன்னு சொன்ன, நான் போனேன்."